குதிரையின் வாலடியில்

கிளென் ஈடன், ஒக்லாந்து
செப்டெம்பர் 14

அன்புத் தம்பி சதாசிவத்துக்கு,

இங்கே நானும் மகள் சுகந்தினி குடும்பமும் சுகம். அங்கே உன் முழங்கால் நோவு குறைந்திருக்க வேண்டும் என்று பிள்ளையாரைக் கும்பிட்டுத் தொடங்குகிறேன்.

தம்பி, இந்த எழுத்தை வடிவாகப் பார். இது சுகந்தினியின் எழுத்து இல்லை. என் கை. எழுபத்தாறு வயதில் உன் அண்ணனுக்கு எழுத்து வந்துவிட்டது. இவ்வளவு எழுத ஒரு காலை முழுவதும் போய்விட்டது. தேத்தண்ணி ஆறிவிட்டது. ஆறட்டும்.

உன் அண்ணி ரதிதேவி போய்ப் பத்து மாதம். அவ இருக்கும்வரை எனக்கு எழுத்துத் தேவைப்படவில்லை. உனக்குத் தெரியும், நான் எட்டு வயதில் சுருட்டுக் கொட்டிலுக்குப் போனவன். அங்கே ஒருவர் உயர்ந்த வாங்குப் பலகையில் இருந்து பேப்பர் வாசிப்பார். நாங்கள் சுருட்டைச் சுற்றிக்கொண்டே கேட்போம். உலகப் புதினம் எல்லாம் எனக்குக் காதால் வந்தது. பிறகு ரதியின் வாயால் வந்தது. உனக்குப் போன கடிதமெல்லாம் நான் சொல்ல அவ எழுதியது. காது மந்தமான பிறகு ரெலிபோனும் அவ கையில்தான். இங்கே பென்ரோஸில் பெட்டி அடுக்கிய பதினொரு வருஷமும் லேபலின் நிறத்தைப் பார்த்தே அடுக்கினேன். ஒரு பெட்டியும் மாறிப் போகவில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் இங்கே பள்ளிக்கூட மண்டபத்தில் தமிழ் வகுப்புக்குப் போகிறேன். தாரிணி ரீச்சர் தமிழ்நாட்டுப் பிள்ளை. என் பக்கத்துக் கதிரையில் சிந்து என்று ஏழு வயதுக்காரி. முதல் நாள் என் கொப்பியை எட்டிப் பார்த்துவிட்டு, "தாத்தா, யுவர் லெட்டர்ஸ் ஆர் ஃபாலிங் டவுன்" என்றாள். "எனக்கும் முழங்கால் நோதானே பிள்ளை, அதுகளுக்கும் நோகும்" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. ஆனாலும் சிரித்தாள்.

போன சனிக்கிழமை ரீச்சர், "ஐயா, இனிமே நீங்க சொந்தமா ஒரு லெட்டர் எழுதணும். யாருக்கு எழுதப் போறீங்க?" என்று கேட்டா.

"பிரான்சிலே, லியோன் எண்ட பட்டினத்திலே என்ர தம்பி இருக்கிறான். பெரிய சதுக்கத்துக்குக் கிட்ட" என்றேன்.

"ஆமா, அப்போ அவருக்கே எழுதுங்க."

நீ எனக்கு அனுப்பிய இருபத்திமூன்று அட்டையும் என் அறைச் சுவரில் படம் வெளியே தெரிய இருக்கின்றன. எல்லாம் அந்தப் பெல்கூர் சதுக்கம்தான். சிவந்த தரை. நடுவில் குதிரைமேல் ராசா. பின்னால் மலையில் வெள்ளைக் கோயில். ராசாவின் கால் சும்மா தொங்குகிறது. கால் வைக்க வளையம் இல்லை. வாசிக்கத் தெரியாதவன் படத்தைத்தானே பார்ப்பான். நான் எல்லாம் பார்த்து வைத்திருக்கிறேன்.

அம்மா விஷயத்தில் நான் செய்ததை நீ மனதில் வைக்கவில்லை. வருஷம் தவறாமல் அட்டை போட்டாய். அதற்கு இன்று என் கையாலேயே நன்றி எழுதுகிறேன்.

பதில் போடு. நானே வாசிப்பேன்.

உன் அண்ணன்
இராசரத்தினம்
(பெருவிரல் அடையாளம் இல்லை, கையெழுத்து)


லியோன்
நவம்பர் 2

மதிப்புக்குரிய அண்ணருக்கு,

தங்கள் கடிதம் கிடைத்து மூன்று கிழமை. உடனே எழுத முடியவில்லை. நான் சுகம். தாங்களும் சுகந்தினி குடும்பமும் சுகமாய் இருப்பதை அறிந்தேன்.

தாங்கள் எழுதப் பழகியது நல்ல விஷயம்.

சதுக்கத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அது அப்படியே இருக்கிறது. பெரிய வெறுந்தரை. நடுவில் நின்றால் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க இடமில்லை. இவ்வூரார் ஒருவரை ஒருவர் சந்திக்க வேண்டுமென்றால் "குதிரையின் வாலடியில் நில்" என்பார்கள். வேறு விலாசம் தேவையில்லை. நான் வந்த காலத்தில் தமிழ் ஆட்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேதான் கூடுவோம். புதிதாக வந்தவனைச் சுற்றி நின்று ஊர்ப் புதினம் கேட்போம். இப்போது நான் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை. உணவகத்து வேலையும் விட்டாயிற்று.

தாங்கள் நன்றி சொன்ன விஷயம் எனக்கு விளங்கவில்லை. அதை விடுவோம்.

தேக சுகத்தைக் கவனித்துக்கொள்ளவும்.

இங்ஙனம்
சதாசிவம்


கிளென் ஈடன்
நவம்பர் 30

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். குளிர் போய்விட்டது. உனக்குக் குளிர் தொடங்கியிருக்கும். காதை மூடிக்கொண்டு திரி.

உன் கடிதத்தை நானே வாசித்தேன். சுகந்தினி கையை நீட்டினாள், நான் கொடுக்கவில்லை. முதல் சொல்லிலேயே தடக்கி விழுந்தேன். 'மதிப்புக்குரிய' என்று என்னை ஒருவரும் கூப்பிட்டதில்லை. "உன்ர சித்தப்பா எனக்கு ஏதோ அரசாங்கக் கந்தோர்க் கடிதம் போட்டிருக்கிறான்" என்றேன். சுகந்தினி சிரிக்கவில்லை. "அப்பா, அவர் உங்களோடை எப்பவும் அப்பிடித்தானோ?" என்று கேட்டாள். "இல்லையடி, அட்டையிலே எல்லாம் உருகி உருகி எழுதுவான். கொம்மா வாசிக்கேக்க நீயும் கேட்டனீதானே" என்றேன்.

இப்போது பெரிய புதினம். வருகிற செப்டெம்பரில் சுகந்தினியும் மருமகனும் ஐரோப்பா சுற்றப் போகிறார்கள். நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

"அப்பா, ஒரு நாளுக்கு மேலே பிளேனிலே இருக்க வேணும். இருப்பியளோ?"

"கொட்டிலிலே பத்து மணித்தியாலம் சப்பாணி கட்டி இருந்தவன் நான். பிளேனிலே சாப்பாடும் தந்து, காலும் நீட்ட விடுவாங்கள்."

"அவ்வளவுக்கு நீட்ட விடமாட்டாங்கள் அப்பா."

பாஸ்போட் விண்ணப்பத்தில் நானே கையெழுத்து வைத்தேன். முன்பு அந்த இடத்தில் ரதி என் விரலைப் பிடித்து அமத்துவா. தம்பி, நானும் வாலடியில் வந்து நிற்பேன். வெண்கலக் குதிரை உதைக்காதுதானே.

இன்னொன்று. நாளையிலிருந்து சுவரில் இருக்கும் அட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வாசிக்கப் போகிறேன். இவ்வளவு காலமும் ரதியின் குரலில் கேட்டேன். 'அண்ணா சுகமா, உடம்பைப் பாருங்கோ, நான் நல்லாய் இருக்கிறன், உங்களை நினைக்காத நாளில்லை.' எனக்கு மனப்பாடம். இனி அதை உன் குரலில் கேட்கப் போகிறேன். என் வாசிப்பு மெதுவு. ஒரு அட்டைக்கு ஒரு காலை.

உன் சுகத்துக்கு எப்போதும் நேர்த்தி வைக்கும்
அண்ணன் இராசரத்தினம்


லியோன்
டிசெம்பர் 17

அண்ணருக்கு,

நான் சுகம். தங்கள் சுகத்தையும் கேட்டுக்கொண்டு, இம்முறை உடனே எழுதுகிறேன்.

இந்த வயதில் பயணம் வேண்டாம். குதிரையும் இல்லை. அதைத் திருத்துவதற்காகச் சாரம் கட்டிப் பலகையால் மறைத்திருக்கிறார்கள். வந்தாலும் காண முடியாது.

பழைய அட்டைகளை வாசித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். என் எழுத்தும் கோழி கிண்டினது போல இருக்கும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், மறைக்காமல் எழுதுங்கள். அவற்றை அண்ணி தங்களுக்கு வாசித்துக் காட்டியிருந்தாவா? முழுவதும் வாசித்தாவா?

சதாசிவம்


கிளென் ஈடன்
டிசெம்பர் 20

தம்பிக்கு,

சுகம்.

ஒன்பது அட்டை வாசித்தேன். வகுப்பு லீவு. வெயில் கூட. வீதியில் சிவப்புப் பூ மரங்கள் பூத்திருக்கின்றன.

வேறு எழுத இல்லை.

இராசரத்தினம்


கிளென் ஈடன்
ஜனவரி 25

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீ சுகமாய் இருக்கிறாயா என்று கேட்க இன்று எனக்கு வாய் கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன்.

உன் டிசெம்பர்க் கடிதம் என் சின்னக் கடிதம் போன பிறகு வந்தது. இருபத்திமூன்று அட்டையும் வாசித்து முடித்துவிட்டேன். முடித்த பிறகு முதலிலிருந்து இன்னொரு தரம் வாசித்தேன், என் வாசிப்புத்தான் பிழையோ என்று.

எல்லா அட்டையிலும் முதல் வரி 'அன்புள்ள அண்ணிக்கு'. என் பெயர் ஒன்றிலும் இல்லை. எல்லா அட்டையிலும் கடைசி வரி ஒன்றுதான். 'அம்மா தவறிய சரியான நாளை அண்ணரிடம் கேட்டு எழுதுங்கள்.' இருபத்திமூன்று வருஷம் ஒரே கேள்வி.

நீ கேட்டதற்குப் பதில். ஓம், ரதி முழுவதும் வாசித்தா. ஒன்றும் விடவில்லை. நாளைச் சொல்லச் சொல்லி அவ ஒவ்வொரு வருஷமும் என்னைக் கேட்டா. நான்தான் எழுத வேண்டாம் என்றேன். அம்மா புரட்டாதியில் போனா என்று தொண்ணூற்றொன்பதில் மாற்றி எழுதுவித்ததும் நானே. அவவில் ஒரு பிழையும் இல்லை.

சரியான நாள் இது. வைகாசி மாதம், அபரபக்கத் தேய்பிறைத் தசமி, புதன்கிழமை. விடியப்புறம். நெஞ்சு நோகுது என்று சொல்லித் தண்ணீர் கேட்டா. செம்பைக் கொண்டு வருமுன் முடிந்துவிட்டது.

உன் அகதி விசாரணை ஆவணியில் என்று எழுதியிருந்தாய். நீ அழுதுகொண்டு போய் அவர்கள் முன்னால் இருந்தால் ஒரு கேள்விக்கும் ஒழுங்காய்ப் பதில் சொல்ல மாட்டாய், திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். அந்த வருஷம் திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்று உனக்குத் தெரியும்.

தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன். அந்தக் கொள்ளி உன்னுடையது. ஐயர் என்னைப் பார்த்து, "இளையவர் எங்கே?" என்றார். "பிரான்சிலே" என்றேன். "அறிவிச்சாச்சோ?" "ஓம்." அம்மாவைக் கிடத்தி வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னேன். உன் இடத்தில் நின்று நானே கொள்ளி வைத்தேன். அதற்குப் பிறகு நான்கு மாதம், அம்மா சுகம், அம்மா சுகம் என்று உனக்கு எழுதுவித்தேன்.

என்னை மன்னித்துக்கொள். இந்த வரியை எழுத மூன்று தாள் கிழித்தேன். எழுத்து வராமல் இல்லை.

அண்ணன்
இராசரத்தினம்


கிளென் ஈடன்
மார்ச் 8

தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. கடிதம் வழியில் நிற்கிறது என்று சுகந்தினி சொல்கிறாள். அவள் சொல்கிற மாதிரியில் அவளுக்கே நம்பிக்கை இல்லை.

வகுப்பு தொடங்கிவிட்டது. ரீச்சர் எல்லோரையும் சந்தோஷமான நாள் பற்றி எழுதச் சொன்னா. நான் ஒன்றும் எழுதவில்லை. சிந்து என் வெறும் தாளைப் பார்த்தாள். "தாத்தா, டிட் யூ ஃபர்கெட் எவ்ரிதிங்?" என்றாள். இல்லை பிள்ளை என்றேன்.

அட்டைகளைத் திரும்பச் சுவரில் குத்தவில்லை. சுவரில் இருபத்திமூன்று ஊசி ஓட்டை இருக்கிறது.

திட்டியாவது எழுது.

அண்ணன்


லியோன்
மார்ச் 29

அண்ணா,

நீங்கள் சுகமாய் இருக்க வேண்டும். நான் சுகமாய்த்தான் இருக்கிறேன். நித்திரை மட்டும் குறைவு.

திட்ட வேண்டுமென்று மூன்று தரம் எழுதத் தொடங்கினேன். ஒவ்வொரு தரமும் உங்கள் முதல் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். அதனால்தான் சுணங்கியது.

இரண்டாயிரத்தோராம் ஆண்டு, மாரி காலம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. வழமை போல வாலடியில் ஏழெட்டுப் பேர் நின்றோம். புதிதாக ஒருவர் வந்திருக்கிறார் என்று கூட்டிவந்தார்கள். பார்த்தால் எங்கள் ஒழுங்கையின் முடக்கில் இருந்த சுப்பிரமணியன். கட்டிப்பிடித்தார். "தம்பி, கொம்மாவின்ர பாடையை நானும் ஒரு பக்கம் காவினனான். என்ன வெயில் அண்டைக்கு! கால் சுட்டுது" என்றார்.

"புரட்டாதியிலே என்ன வெயில் அண்ணை?" என்றேன், சும்மா.

"என்ன புரட்டாதி? நான் ஆடியிலே ஊரை விட்டிட்டன். புரட்டாதியிலே நான் கொழும்பிலே லொட்ஜிலே எல்லோ கிடந்தனான்."

ஒருவர் என் தோளில் கை வைத்தார். அதற்குப் பிறகு அந்த ஞாயிற்றுக் கூட்டத்துக்கு நான் போகவில்லை. அட்டை வாங்குவதற்கு மட்டும் வருஷத்தில் ஒரு நாள் அங்கே போவேன். எந்த இடத்தில் அறிந்தேனோ அந்த இடத்தின் படத்திலேயே கேட்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம். அந்தப் படத்தை நீங்கள் ஆசையாய்ச் சுவரில் குத்தி வைத்திருந்தீர்கள்.

அண்ணா, அந்த வருஷம் ஆடிப்பிறப்புக்கு அம்மா கூழ் குடித்தாவா என்று எழுதிக் கேட்டேன். குடித்தா, இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிக் குடித்தா என்று பதில் வந்தது. அப்போது அவ போய் ஒரு மாதத்துக்கு மேல். நான் அந்தக் கிழமை உணவகத்துச் சமையலறையில் எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தேன், என் தாய்க்கு இந்த வயதிலும் நல்ல பசி என்று. துடக்குக் காக்க வேண்டிய செத்த வீட்டுக்காரன், தாடியும் வளர்க்காமல் இறைச்சி வெட்டிக்கொண்டு நின்றேன்.

சுப்பிரமணியனுக்குத் திகதி நினைவில்லை. யாரைக் கேட்டாலும் வைகாசியாக இருக்கலாம் என்பார்கள். சித்திராப் பறுவத்துக்கு விரதம் இருந்து பார்த்தேன். அது எல்லோருடைய தாய்மாருக்கும் உரிய நாள். என் தாய்க்கென்று ஒரு நாள் எனக்கு இல்லை. அதைத்தான் கேட்டேன். அண்ணி ஒவ்வொரு வருஷமும், 'அண்ணர் அதைப் பற்றி வாய் திறக்கிறாரில்லை' என்று மட்டும் எழுதுவா. நீங்கள் வேண்டுமென்றே தரவில்லை என்று நம்பியிருந்தேன்.

இப்போது நீங்களும் அதையே எழுதியிருக்கிறீர்கள். நான் நம்பவில்லை. உங்கள் முதல் கடிதத்தில் 'நீ எனக்கு அனுப்பிய இருபத்திமூன்று அட்டை' என்று இருக்கிறது. 'அம்மா விஷயத்தில் நான் செய்ததை நீ மனதில் வைக்கவில்லை' என்று நன்றியும் இருக்கிறது. அட்டையில் என்ன இருக்கிறது என்று தெரிந்த மனிதன் அப்படி எழுதுவானா? அண்ணா, நீங்கள் எழுதப் பழகிவிட்டீர்கள். பொய் எழுத இன்னும் பழகவில்லை.

அண்ணி தன் கையால் ஒரு திகதியை மாற்றி எழுதினா. பிறகு அதற்குப் பயந்து பயந்து கடைசிவரை இருந்தா. அப்படித்தான் எனக்குப் படுகிறது. அவவில் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்ல இப்போது ஆள் இல்லை.

ஆனால் அந்த நான்கு மாதம் உங்களுடையது. கூழ் உங்களுடையது. பயத்தில் செய்தீர்கள் என்று விளங்குகிறது. விளங்குவது வேறு. வாருங்கள் என்று எழுத இன்னும் எனக்குக் கை வரவில்லை.

சதாசிவம்


கிளென் ஈடன்
ஏப்ரல் 16

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். நித்திரை குறைவு என்று எழுதியிருந்தாய். பின்னேரத்தில் கோப்பி குடிக்காதே.

ஓம். ரதி வாசித்தது வேறு. நீ எழுதியது வேறு. தொண்ணூற்றொன்பதில் உன் விசாரணை முடிந்த கிழமை நான் சொன்ன கடிதம் இன்னும் எனக்கு நினைவில் இருக்கிறது. 'அம்மா வைகாசியில் போயிட்டா. உன்ர வழக்கு முடியட்டும் எண்டு பொத்தி வைச்சிட்டன். கொள்ளி நான்தான் வைச்சன். பொறுத்துக்கொள்.' ரதி எழுதிக்கொண்டே அழுதா. எழுதுகிறா என்றுதான் நினைத்தேன். உன் பதில் வந்தபோது, 'தம்பி பொறுத்திட்டானாம்' என்று வாசித்தா. நான் அன்று கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன். அதற்குப் பிறகு இருபத்தைந்து வருஷம் மன்னிக்கப்பட்டவனாக நிம்மதியாய்ச் சாப்பிட்டேன், நித்திரை கொண்டேன்.

அவவைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கோபமும் வருகிறது. இரண்டு கிழமை அவவின் படத்துக்கு நான் பூ வைக்கவில்லை. சுகந்தினிதான் வைத்தாள். "அம்மா உங்களுக்கு நோகக் கூடாது எண்டுதான் அப்பா" என்றாள். "நோக வேண்டியவனுக்கு நோகத்தான் வேணும் பிள்ளை. அது தம்பிக்கெல்லோ போய் நொந்திருக்கு" என்றேன். பிறகு நானும் பூ வைத்தேன்.

கூழ் விஷயம் என்னுடையதுதான். நான் சொல்லத்தான் ரதி எழுதினா. 'இரண்டாம் தரமும் கேட்டா' என்று ஏன் சேர்த்தேன் என்று எனக்கே தெரியாது. நீ சந்தோஷப்படுவாய் என்று நினைத்திருப்பேன்.

இப்போது கேள். இந்த வருஷம் தசமி மே மாதம் இருபத்திரண்டாம் திகதி, வியாழக்கிழமை. கோயில் ஐயரிடம் இரண்டு தரம் கேட்டு, அவர் சொன்ன திகதியை நானே எழுதி எடுத்தேன். இவ்வளவு காலமும் திவசத்தை இங்கே நான் செய்தேன். எள்ளும் தண்ணீரும் இறைத்து, சோறு படைத்து, வேலியோரம் ஒரு வாழையிலையில் வைப்பேன். இங்கே காகம் இல்லை. மைனாக்கள்தான் வரும். வந்து, நாலு பக்கமும் பார்த்துவிட்டு, அம்மா மாதிரித்தான், கறியை விட்டுச் சோற்றை முதலில் தின்னும்.

இனி நான் செய்ய மாட்டேன். அது உன்னுடையது. கத்தரிக்காய்க் குழம்பு, வாழைக்காய், பருப்பு, பயற்றம் பணியாரம். உப்பைக் குறைத்துப் போடாதே, அவவுக்குப் பிடிக்காது.

சுகந்தினி இன்னும் ரிக்கற் எடுக்கவில்லை. என்னுடையதையும் சேர்த்து எடுப்பதா என்று கேட்டாள். பொறு என்று சொல்லியிருக்கிறேன். நீ வரச் சொல்லாவிட்டால் வர மாட்டேன்.

அண்ணன்
இராசரத்தினம்


கிளென் ஈடன்
மே 22, வியாழன்

தம்பிக்கு,

உன் சுகத்தை நினைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். இங்கே தசமி விடிந்துவிட்டது. உனக்கு இன்னும் முதல் நாள் இரவு. நீ எழும்பும்போது இங்கே பொழுது பட்டுவிடும்.

காலையில் தலை தோய்ந்துவிட்டுச் சும்மா இருந்தேன். கைக்கு ஒரு வேலையும் இல்லை. சுகந்தினி வேலைக்குப் போகுமுன், "அப்பா, உண்மையாய் ஒண்டும் செய்யேல்லையோ? ஒரு பிடி சோறாவது?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் காரில் ஏறி, திரும்ப இறங்கி வந்து என் கையைப் பிடித்துவிட்டுப் போனாள்.

பத்து மணி போல வேலிக்கு மைனாக்கள் வந்தன. மூன்று. போன வருஷம் வந்ததுகளா என்று தெரியாது. இலை வைக்கும் இடத்தைப் பார்த்தன. என்னைப் பார்த்தன. ஒன்று இறங்கி நிலத்தைக் கொத்திப் பார்த்துவிட்டு ஏறியது. எழும்பிப் போய் அரிசியைக் களையலாமா என்று கால் உன்னியது. கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

"இங்கே இல்லை. தம்பியிட்டைப் போங்கோ" என்று சொன்னேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டன.

நீ செய்தாயா, இல்லையா என்று எனக்குத் தெரியாது. செய்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டு இன்று ஒரு நேரம்தான் சாப்பிட்டேன்.

அண்ணன்


(அஞ்சல் அட்டை. படம்: லியோன், பெல்கூர் சதுக்கம்)

மே 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம். வியாழக்கிழமை வீட்டில் படைத்தேன். உப்புக் குறைக்கவில்லை. ஒரு பிடி சோற்றைச் சதுக்கத்துக்குக் கொண்டுபோனேன். குதிரை இன்னும் பலகைக்குள். வால் இருக்கும் பக்கமாக நின்று வைத்தேன். புறாக்கள் இறங்கின. புறாவுக்குப் போட்டால் இங்கே தண்டம். நகரசபைக்காரன் ஒருவன் வந்தான். "என் தாய்க்கு" என்றேன். எடுத்த தண்டப் புத்தகத்தைத் திரும்பப் பைக்குள் வைத்தான். பிறகு மலையைப் பார்த்துக்கொண்டு போய்விட்டான்.

சுகந்தினியை உங்களுக்கும் ரிக்கற் எடுக்கச் சொல்லுங்கள். பத்து மணிக்கே வந்து வாலடியில் நிற்பேன்.

எந்த நாள் என்று நீங்கள் எழுதுங்கள்.

தம்பி
சதாசிவம்